இருசமபக்கச் சரிவகம்: சமக்குறி போடுவதற்கு முன்

இருசமபக்கச் சரிவகத்தில் தெரியாத எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கணக்குகளில் இயற்கணிதம் கடினமாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் ஒரே ஒரு ஒருபடிச் சமன்பாடு, இரண்டு மூன்று வரியில் முடிந்துவிடும். ஆனாலும் விடை தப்பிப்போகிறது. இரண்டு கோவைகளுக்கு நடுவே சமக்குறி போடுவதா, இரண்டையும் கூட்டி 180 என்று எழுதுவதா என்று முடிவெடுக்கும் இடத்திலேயே தவறு நுழைந்துவிடுகிறது. அதன்பிறகு எவ்வளவு கவனமாகத் தீர்த்தாலும் பயனில்லை.

படத்தை இப்படி வைத்துக்கொள்வோம். அஆ கீழே உள்ள நீளமான இணைப்பக்கம். ஈஇ மேலே உள்ள குட்டையான இணைப்பக்கம். அஈ இடது சாய்பக்கம், ஆஇ வலது சாய்பக்கம்; இந்த இரண்டும் சமம். அஇ, ஆஈ இரண்டும் மூலைவிட்டங்கள். தெரியாத எண் ய.

ஒரு கணக்கு: ∠அ = 5ய − 12, ∠ஆ = 3ய + 28. இரண்டு கோணமும் அஆ என்ற ஒரே இணைப்பக்கத்தின் இரு முனைகளில் இருக்கின்றன. எனவே அவை சமம். 5ய − 12 = 3ய + 28, ய = 20, இரு கோணங்களும் 88 பாகை. மேலே உள்ள இரண்டும் 92 பாகை.

இதையே கூட்டி 180 என்று எழுதியவருக்கு 8ய + 16 = 180, ய = 20.5 என்று வரும். கோணங்கள் 90.5, 89.5. பார்ப்பதற்கு நம்பும்படியாகத்தான் இருக்கின்றன. எதிர்மறை எண் இல்லை, 180-ஐத் தாண்டவில்லை. ஆனால் ஒரே அடியின் இரு முனைகளில் வேறுவேறு கோணம் வந்துவிட்டதால் இது இருசமபக்கச் சரிவகமே இல்லை. விடையைத் தன் சமன்பாட்டிலேயே திரும்பப் போட்டுப் பார்ப்பவருக்கு 90.5 + 89.5 = 180 என்று சரியாகவே வரும். சரிபார்க்கும்போது சமன்பாட்டை விட்டுவிட்டுப் படத்திற்குத்தான் திரும்ப வேண்டும்.

கோணங்களுக்கு மனப்பாடம் செய்யத் தேவையானது ஒரே ஒரு விதி. நான்கு கோணங்களில் எந்த இரண்டை எடுத்தாலும், அவை ஒரே இணைப்பக்கத்தின் இரு முனைகளில் இருந்தால் சமம். இல்லாவிட்டால் கூட்டுத்தொகை 180. மொத்தம் ஆறு இணைகள் எடுக்கலாம். அதில் அ–ஆ, இ–ஈ இரண்டும் சமம். மற்ற நான்கும் மிகைநிரப்புக் கோணங்கள். எதிரெதிர்க் கோணங்களான அ–இ, ஆ–ஈ இணைகளும் இந்த நான்கில் அடக்கம். இணைகரத்தில் எதிரெதிர்க் கோணங்கள் சமம் என்று படித்துப் பழகியவர்கள் இங்கேயும் அதையே எழுதிவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. ∠அ = 4ய + 6, ∠இ = 7ய − 2 என்றால் 11ய + 4 = 180, ய = 16, கோணங்கள் 70, 110. சமம் என்று எழுதினால் 3ய = 8 என்று வந்து நிற்கும்.

இந்த விதி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவருக்கு மறக்காது. இரு இணைப்பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் சேர்க்கும் கோடு இரண்டுக்கும் செங்குத்தாக இருக்கும். அந்தக் கோட்டில் மடித்தால் ஒரு பாதி மற்றொரு பாதியின் மேல் அச்சாகப் பொருந்தும். அ என்ற முனை ஆ-வின் மேலும், ஈ என்ற முனை இ-யின் மேலும் விழும். சாய்பக்கங்கள் சமம், அடிக்கோணங்கள் சமம், மூலைவிட்டங்கள் சமம் என்ற மூன்றும் இந்த மடிப்பின் விளைவுகள். சாய்பக்கம் ஒன்றின் இரு முனைக் கோணங்கள் சேர்ந்து 180 என்பதற்கு மடிப்பு தேவையில்லை. பக்கங்கள் இணையாக இருந்தாலே போதும், எந்தச் சரிவகத்திலும் அது நடக்கும். இந்த இரண்டு ஊற்றுகளையும் பிரித்துப் பார்க்கப் பழகினால் எந்தக் கணக்கில் எதை எழுதலாம் என்ற குழப்பம் வராது. ‘இருசமபக்க’ என்ற சொல் கேள்வியில் இல்லையென்றால் மடிப்பிலிருந்து வரும் எதையும் பயன்படுத்தக் கூடாது.

வரையறையில் ஒரு ஓட்டை உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். ‘ஒரு சோடிப் பக்கங்கள் இணை, மற்ற இரண்டும் சமம்’ என்று மட்டும் வைத்துக்கொண்டால் இணைகரமும் அதற்குள் வந்துவிடும். ஆனால் செவ்வகமல்லாத இணைகரத்தில் மூலைவிட்டங்கள் சமமாக இருக்காது, அடிக்கோணங்களும் சமமாக இருக்காது. மற்ற இரண்டு பக்கங்களும் இணையல்லாதவை என்ற நிபந்தனையைச் சேர்த்தால்தான் மேலே சொன்ன பண்புகள் எல்லாம் நிற்கும்.

இனி நீளங்கள். இணைப்பக்கங்களில் நீளமானதை ப, குட்டையானதை ம, சாய்பக்கத்தை ச, உயரத்தை உ, மூலைவிட்டத்தை வி என்று எழுதுகிறேன். மேல் முனைகள் இரண்டிலிருந்தும் கீழே செங்குத்துக்கோடு இறக்கினால் நடுவில் ஒரு செவ்வகம், இரு பக்கமும் ஒரே மாதிரி இரண்டு செங்கோண முக்கோணங்கள். அந்த முக்கோணத்தின் அடி (ப − ம)/2. பாதியாக்க மறந்துவிடுவதுதான் இங்கே வழக்கமான பிழை. ப = 22, ம = 10, ச = 10 என்ற கணக்கில் பாதியாக்காமல் 12 என்று வைத்தால் 100 − 144 என்று எதிர்மறை வந்து உடனே காட்டிக்கொடுக்கும்; சரியாகச் செய்தால் அடி 6, உயரம் 8, பரப்பு 128. ஆனால் ப = 25, ம = 15, ச = 13 என்றால் பிழை தப்பித்துக்கொள்ளும். பாதியாக்காவிட்டால் உயரம் √69. அதில் சந்தேகப்பட எதுவும் தெரியாது. சரியான உயரம் 12.

சாய்கோணம் 60 பாகை என்று கொடுத்திருந்தால் பிதாகரஸ் தேற்றம்கூட வேண்டாம். முக்கோணத்தின் அடி ச/2, இரண்டு பக்கமும் சேர்த்து ச. ஆகவே ப = ம + ச. 45 பாகை என்றால் அடியும் உயரமும் சமம், ப = ம + 2உ.

நடுக்கோட்டுக் கணக்குகளும் அடிக்கடி வரும். சாய்பக்கங்களின் நடுப்புள்ளிகளைச் சேர்க்கும் கோட்டின் நீளம் (ப + ம)/2. ப = 4ய − 3, ம = ய + 2, நடுக்கோடு 2ய + 3 என்றால் 5ய − 1 = 4ய + 6, ய = 7. பக்கங்கள் 25, 9, நடுக்கோடு 17. இரண்டால் வகுக்க மறந்தவருக்கு 5ய − 1 = 2ய + 3, ய = 4/3; நடுக்கோடு ஏறத்தாழ 5.67, இணைப்பக்கங்கள் 2.33, 3.33. நடுக்கோடு இரண்டு பக்கங்களையும்விட நீளமாக இருக்கவே முடியாது. இந்த ஒரு பார்வையிலேயே தவறு பிடிபடும்.

சுற்றளவும் உயரமும் தரும் கணக்கில் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் அங்கே இருபடிச் சமன்பாடு வந்துவிடும். ப = 3ய, ம = ய, உ = 12, சுற்றளவு 46 என்று வையுங்கள். 4ய + 2ச = 46, அதாவது ச = 23 − 2ய. முக்கோணத்தின் அடி (3ய − ய)/2 = ய. பிதாகரஸ்படி (23 − 2ய)² = ய² + 144. விரித்தால் 3ய² − 92ய + 385 = 0. தன்மைகாட்டி 3844, அதன் வர்க்கமூலம் 62. ய = 5 அல்லது ய = 77/3. இரண்டும் நேர்மறை எண்கள்தான். ஆனால் இரண்டாவதைப் போட்டால் ச = 23 − 2ய எதிர்மறையாகிவிடுகிறது. வர்க்கப்படுத்தும்போது புகுந்த போலி விடை அது. ய = 5; பக்கங்கள் 15, 5, 13, 13. ய நேர்மறையாக வந்ததோடு நிறுத்திவிடக் கூடாது. அதிலிருந்து கிடைக்கும் ஒவ்வொரு நீளமும் நேர்மறையா என்று பார்க்க வேண்டும்.

மூலைவிட்டங்களுக்கு வருவோம். இந்த வடிவத்தின் மிக அழகான உறவு இங்கேதான் இருக்கிறது. ஈ-யிலிருந்து அஆ-வுக்கு இறக்கிய செங்குத்தின் அடிப்புள்ளி அ-விலிருந்து (ப − ம)/2 தொலைவில் இருக்கிறது. அதே புள்ளி ஆ-விலிருந்து எவ்வளவு தொலைவு? ப − (ப − ம)/2 = (ப + ம)/2. நடுக்கோட்டின் நீளமேதான். ஆகவே:

ச² = உ² + ((ப − ம)/2)²
வி² = உ² + ((ப + ம)/2)²

ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வி² = ச² + ப × ம. உயரம் மறைந்தேவிடுகிறது. உயரம் கொடுக்காத மூலைவிட்டக் கணக்குகளில் உயரத்தைத் தேடி அலையாமல் நேரே இதைப் போடலாம். இருசமபக்கச் சரிவகம் எப்போதும் வட்ட நாற்கரம், அதாவது நான்கு முனைகளும் ஒரே வட்டத்தின் மேல் இருக்கும். அதனால் மூலைவிட்டங்களின் பெருக்கம் எதிரெதிர்ப் பக்கங்களின் பெருக்கங்களைக் கூட்டியதற்குச் சமம் என்னும் தாலமியின் தேற்றத்திலிருந்தும் இதே உறவு கிடைக்கும். பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய பிராமஸ்புட சித்தாந்தத்தின் 12-ஆம் அத்தியாயத்தில் இது வாய்பாடாகவே இருக்கிறது: எதிரெதிர்ப் பக்கங்களின் பெருக்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் மூலைவிட்டம்; மூலைவிட்டத்தின் வர்க்கத்திலிருந்து, அடியும் முகமும் (மேல் இணைப்பக்கம்) சேர்ந்ததில் பாதியின் வர்க்கத்தைக் கழித்து மூலம் எடுத்தால் உயரம். மேலே உள்ள இரண்டாவது வரியைத் திருப்பிப் போட்டதுதான் அது.

அந்த இரண்டாவது வரியிலிருந்து ஒரு சோதனையும் கிடைக்கிறது: மூலைவிட்டம் நடுக்கோட்டைவிட நீளமாக இருந்தே ஆக வேண்டும். இது எங்கே உதவும் என்று பாருங்கள். இணைப்பக்கங்கள் 10, 4. மூலைவிட்டங்கள் ய² + 2, 5ய − 4. இரண்டும் சமம், எனவே ய² − 5ய + 6 = 0, ய = 2 அல்லது 3. ய = 2 என்றால் மூலைவிட்டம் 6, ய = 3 என்றால் 11. இரண்டும் நேர்மறை நீளங்களே. பலர் இரண்டையும் விடையாக எழுதிவிடுவார்கள். ஆனால் நடுக்கோடு 7. மூலைவிட்டம் 6 உள்ள இப்படியொரு சரிவகத்தை வரையவே முடியாது. ய = 3 மட்டுமே விடை. சாய்பக்கம் வேண்டுமென்றால் 121 − 40 = 81, ச = 9. உயரம் √(121 − 49) = 6√2. முதல் வரியில் போட்டுப் பார்த்தால் 72 + 9 = 81, ஒத்துவருகிறது.

சோதனைக்கு எடுத்துக்கொள்ள இதைவிடச் செழிப்பான ஒரு சரிவகம் உண்டு. சோம யாகத்துக்கான பெரிய வேள்வி மேடையான மகாவேதியின் அளவுகள், வேள்வி மேடைகளை அளந்து அமைக்கும் விதிகளைச் சொல்லும் பழைய வடமொழி நூல்களான சுல்பசூத்திரங்களில் இருக்கின்றன: மேற்குப் பக்கம் 30 பதம் (ஒரு நீள அலகு), கிழக்குப் பக்கம் 24 பதம், மேற்கிலிருந்து கிழக்காக நீளம் 36 பதம். நம் கணக்கில் ப = 30, ம = 24, உ = 36. இதன் பரப்பு 972 என்று சுல்பசூத்திர ஆசிரியர்களில் ஒருவரான ஆபஸ்தம்பர் சொல்லி, ஏன் என்றும் காட்டுகிறார்: தென்கிழக்கு மூலையிலிருந்து மேற்குப் பக்கத்துக்கு நேர்கோடு இறக்கு, அது மடிப்புக்கோட்டிலிருந்து 12 பதம் தள்ளி விழும், வெட்டுப்பட்ட துண்டைத் திருப்பி வடக்குப் பக்கத்தில் வை, செவ்வகமாகிவிடும். வெட்டிய முக்கோணத்தின் அடி 3. செவ்வகம் 27-க்கு 36. பரப்பு 972. அடி (ப − ம)/2 என்பதையும், அகலம் (ப + ம)/2 ஆவதையும் ஒரே வெட்டில் கண்ணுக்கு முன் கொண்டுவரும் இந்த நிரூபணத்தை வகுப்பில் காகிதத்தை வெட்டியே செய்துகாட்டலாம். வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதுவதைவிட அது பல மடங்கு நன்றாகப் பதியும்.

மகாவேதியின் மூலைவிட்டத்தைக் கணக்கிடுங்கள். 36² + 27² = 1296 + 729 = 2025. மூலைவிட்டம் சரியாக 45. சாய்பக்கமோ √(1296 + 9) = √1305, முழு எண் இல்லை. உறவைச் சோதித்தால் 1305 + 30 × 24 = 2025. மூலைகளைத் தரையில் குறிக்க ஆபஸ்தம்பர் பயன்படுத்துவது 15, 36, 39 என்ற செங்கோண முக்கோணம்: 36 நீளக் கயிற்றோடு 18 சேர்த்து 54 ஆக்கி, இரு முனைகளையும் மேற்கு–கிழக்காக உள்ள மடிப்புக்கோட்டின் இரு முனைகளிலும் கட்டி, மேற்கு முனையிலிருந்து 15-ஆம் குறியைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தால் 15-உம் 39-உம் பக்கங்களாகி, மேற்கில் செங்கோணம் கிடைக்கும். அந்தக் குறி நின்ற இடம்தான் மேற்கு மூலை. கிழக்கில் கயிற்றை மாற்றிக் கட்டி அதேபோல இழுத்து, 12-இல் முளை அடித்தால் கிழக்கு மூலை.

மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று வெட்டும் புள்ளியை ஓ என்போம். மடிப்புக்கோட்டின் மேல்தான் ஓ இருக்கும் என்பதால் அஓ = ஆஓ, இஓ = ஈஓ. ஆனால் அஓ-வும் ஓஇ-யும் சமம் இல்லை; இங்கே மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமக்கூறிடுவதில்லை. முக்கோணங்கள் அஓஆ, இஓஈ இரண்டும் வடிவொத்தவை, எனவே அஓ : ஓஇ = ப : ம. இணைப்பக்கங்கள் 18, 12, மூலைவிட்டம் 20 என்றால் துண்டுகள் 12, 8. கேள்வியில் துண்டுகளுக்குக் கோவைகள் கொடுத்திருந்தால், அவை ஒரே மூலைவிட்டத்தின் துண்டுகளா, ஒரே அடியைத் தொடும் துண்டுகளா என்பதைப் படத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

மூலைவிட்டங்கள் செங்குத்தாக வெட்டும் என்று தனியாகச் சொல்லியிருந்தால் உயரமும் நடுக்கோடும் சமம். பரப்பு உயரத்தின் வர்க்கம். உள்வட்டம் வரையலாம் என்று சொல்லியிருந்தால் ப + ம = 2ச, உயரம் √(ப × ம). 18-உம் 8-உம் இணைப்பக்கங்கள் என்றால் சாய்பக்கம் 13, உயரம் 12, உள்வட்ட ஆரம் 6. இந்த இரண்டு நிபந்தனைகளும் எல்லா இருசமபக்கச் சரிவகத்துக்கும் பொருந்தாது. கேள்வியில் இல்லாமல் இவற்றை எடுத்துக்கொள்ளக் கூடாது.

பாடப்புத்தகத்துக்கு வெளியே இந்தக் கணக்கு தினமும் நடக்கும் இடம் வாய்க்கால் குறுக்குவெட்டு. அங்கே குட்டையான இணைப்பக்கம் கீழே, நீளமானது மேலே. தலைகீழாக வைத்த சரிவகம். அடி அகலம் 2 மீட்டர், பக்கச்சரிவு 1.5-க்கு 1, தண்ணீர் ஓடும் பரப்பு 10 சதுர மீட்டர் வேண்டும், ஆழம் எவ்வளவு? சரிவு 1.5-க்கு 1 என்றால் ஒரு மீட்டர் ஏறுவதற்கு 1.5 மீட்டர் கிடையாக விரிகிறது. இதைத் திருப்பிப் படித்தால் கரை இன்னும் செங்குத்தாகிக் கணக்கே மாறிவிடும். ஆழம் உ என்றால் ஒவ்வொரு பக்கமும் 1.5உ விரியும், மேல் அகலம் 2 + 3உ. ஒரு பக்கத்தை மட்டும் கூட்டிவிட்டு 2 + 1.5உ என்று மேல் அகலத்தை எழுதுவது இங்கே நடக்கும் பிழை. 2 + 1.5உ என்பது நடுக்கோடு. பரப்பு = உ(2 + 1.5உ) = 10. அதாவது 1.5உ² + 2உ − 10 = 0, உ = (−2 + 8)/3 = 2 மீட்டர். மேல் அகலம் 8 மீட்டர். சாய்பக்கம் √(9 + 4), ஏறத்தாழ 3.61 மீட்டர். தண்ணீர் தொடும் சுற்றளவு 2 + 7.21 = 9.21 மீட்டர். கரை இதற்கு மேலும் உயரும். அந்தக் கூடுதல் உயரத்தைத் தண்ணீர்ப் பரப்பில் சேர்க்கக் கூடாது.

இதே 10 சதுர மீட்டருக்குத் தண்ணீர் தொடும் சுற்றளவு மிகக் குறைவாக இருக்கும் சரிவகம் ஒழுங்கு அறுகோணத்தின் பாதி: அடியும் இரு சாய்பக்கங்களும் சமம், சாய்வு 60 பாகை, மேல் அகலம் அடியைப்போல இரு மடங்கு. பரப்பு (3√3/4)ச² = 10 என்று வைத்தால் ச ஏறத்தாழ 2.77 மீட்டர், சுற்றளவு 8.32 மீட்டர், ஆழம் 2.40 மீட்டர். பூச்சு வேலையில் நீளத்துக்கு நீளம் கிட்டத்தட்ட 10 சதவீதம் மிச்சம். ஆனால் 60 பாகையில் ஒரு மீட்டர் ஏற 0.58 மீட்டர்தான் விரிகிறது. வெறும் மண் கரை அவ்வளவு செங்குத்தாக நிற்காது, நனைந்ததும் சரியும். கான்கிரீட்டோ கல்கட்டோ இருந்தால்தான் அந்த வடிவம் சரிப்படும். மண் வாய்க்காலுக்கு 1.5-க்கு 1, மண் இளக்கமாக இருந்தால் 2-க்கு 1 என்று சரிவை முதலில் மண்ணைப் பார்த்து முடிவு செய்துவிட்டு, ஆழத்தை மட்டும் தெரியாத எண்ணாக வைத்துச் சமன்பாட்டைத் தீர்க்கிறார்கள்.